இட்லிப்பூ வேலியும் இரண்டு டிரம் சுண்ணாம்பும்

இட்லிப்பூச் செடியை வளர்ப்பது எப்படி என்று இன்று யாராவது கேட்டால் வரிசையாகச் சொல்லிவிடுவேன். செம்மண் வேண்டும், அரைநாள் வெயிலாவது வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, எல்லாம் தெரிந்த மேதாவி ஒருத்தி பக்கத்தில் வரக் கூடாது. முதல் மூன்றும் உத்தமன் சொல்லித் தெரிந்துகொண்டது. நாலாவது நானே பட்டுத் தெரிந்துகொண்டது.

உத்தமன் பெங்களூர் பீன்யாவில் எங்கள் கம்பெனியின் தோட்டக்காரர். அப்போதெல்லாம் நான் அவரை 'அவன், இவன்' என்றுதான் சொல்வேன். நான் ரமா, மல்லேஸ்வரத்துக்காரி, அங்கே நிர்வாக அதிகாரி. யாருக்கு லீவு, யாருக்கு யூனிஃபாரம், யார் தற்காலிகம், யார் நிரந்தரம் என்பதெல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் எம்.டி. அறைக்குப் போகும். என் குரல் கேட்டால் கேன்டீனில் டம்ளர் கீழே விழும் என்பார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு, வெட்கங்கெட்ட பெருமை.

உத்தமன் பாலக்கோட்டிலிருந்து எண்பத்து மூன்றில் பெங்களூருக்கு வந்தவர். ரோடு போடுகிற வேலை, கல் உடைக்கிற வேலை, அப்புறம் லால்பாக் பக்கம் ஒரு நர்சரியில் தொட்டி சுமக்கிற வேலை. அங்கேதான் செடிகளைப் பற்றிக் கற்றுக்கொண்டார். எங்களிடம் வந்தபோது கேட்டிலிருந்து ரிசப்ஷன் வரை வெறும் சரளைக்கல் கிடந்தது. ஒரே ஒரு தாய்ச் செடியிலிருந்து ரொம்ப முற்றாத குச்சிகளாகப் பார்த்து வெட்டினார். இலைகளைப் பாதியாக நறுக்கினார். ஜூன் மாதத் தூறலில், மணலும் செம்மண்ணும் கலந்த பைகளில் நட்டு, ஷெட் நிழலில் வேர் பிடிக்கும்வரை வைத்திருந்தார். அப்படி நூற்று நாற்பது செடி. சில வருஷங்களில் அவை இடுப்பளவு உயர்ந்து வேலியாக நின்றன. பூக்கிற மாதங்களில் இலை தெரியாது, சிவப்பு மட்டும்தான் தெரியும். கன்னடக்காரர்கள் கேப்பள என்பார்கள், நர்சரிக்காரர்கள் எக்ஸோரா என்பார்கள், உத்தமனுக்கு அது இட்லிப்பூதான்.

கேன்டீனில் மிஞ்சும் டீத்தூளைச் சர்க்கரை போகக் கழுவி வேரில் போடுவார். அந்த மண் கொஞ்சம் புளிப்பாக இருக்க வேண்டுமாம். வேலியை ஒரே மட்டமாகக் கத்தரிக்கச் சொல்லி நான் சத்தம் போட்டால், "பூ நுனியிலதாம்மா வரும். கண்ட நேரத்துல கத்திரி வெச்சா பூவைத்தான் வெட்டுவோம்" என்பார். அவ்வளவுதான் அவர் எதிர்த்துப் பேசியது. மற்றதற்கெல்லாம் "சரிங்கம்மா".

ஒன்பது வருஷமும் அவர் தினக்கூலி. நிரந்தரமாக்கச் சொல்லித் தொண்ணூற்றாறு மார்ச்சில் மனு கொடுத்தார். நான் நாலு வரி குறிப்பெழுதி எம்.டி.க்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. ஞாயிறுதோறும் உத்தமன் மல்லேஸ்வரம் வந்து என் வீட்டு ரோஜாச் செடிகளுக்கு மண் கொத்திக் கொடுப்பார். காபி, டிபனோடு சரி. நிரந்தரமாகிவிட்டால் கூப்பிட்ட குரலுக்கு வருவாரா? அந்த அற்ப நினைப்பில் ஃபைல் என் டிராயரில் தூங்கியது. எப்போது கேட்டாலும், "பார்த்துண்டிருக்கேன், உத்தமன்" என்பேன்.

தொண்ணூற்றேழு நவம்பர் கடைசியில் எம்.டி. சுந்தரமூர்த்தி என்னைக் கூப்பிட்டார்.

"ரமா, மார்ச் முப்பத்தொண்ணோட கேஷுவல் ஆளுங்க எல்லாரையும் நிறுத்திடலாம். கூட்டறது, தோட்டம் எல்லாம் கான்ட்ராக்ட்."

"உத்தமன் ஒம்பது வருஷமா இருக்கான், சார்."

அவர் காலண்டரைத் திருப்பினார். "பிப்ரவரி பதினெட்டு ஜெர்மன்காரங்க வர்றாங்க. நம்ம பிரோஷர் அட்டையில அந்தச் சிவப்பு வேலிதான் இருக்கு. வந்து இறங்கினதும் அதைத்தான் பார்ப்பாங்க. அது நல்லா இருந்தா அந்த ஒருத்தரை மட்டும் பர்மனென்ட் பண்ணிக்கலாம். இல்லேன்னா அவரும் போகட்டும்."

நான் இறங்கிவந்து உத்தமனிடம் அப்படியே சொன்னேன். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு வேலியைப் பார்த்தார்.

"எனக்கு நாப்பத்தொண்ணு ஆவுதும்மா. கான்ட்ராக்ட்காரன் பல்லைப் பிடிச்சுப் பாத்துட்டுப் போய்யான்னுடுவான். கிருத்திகா இப்பத்தான் ஒம்பதாவது." கிருத்திகா அவருடைய ஒரே மகள். மனைவி சீதாலட்சுமி வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறவர். "பூக்க வெச்சிடலாம்மா. இன்னும் எம்பது நாள் இருக்கே."

டிசம்பர் முதல் வாரத்தில் வேலி மஞ்சளடிக்கத் தொடங்கியது.

முதலில் கேட்டுப் பக்கம் நாலு செடி. இலையில் நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் வெளிறின மஞ்சள். ஒரு வாரத்தில் இருபது செடி, அடுத்த வாரம் வேலி முழுக்க. நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே இறங்கிப் போய்க் கத்தவும் செய்தேன். "என்ன உத்தமன் இது? ஏன் இப்படி ஆச்சு? வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

"பனி ஜாஸ்திம்மா இந்த வருஷம்" என்றார். சாயங்காலம் தண்ணீர் விடுவதை நிறுத்தி, வெயில் ஏறின பிறகு விட்டார். மஞ்சள் நிற்கவில்லை. அப்புறம் புது போர்வெல் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது. பக்கெட்டின் அடியில் அது வெள்ளையாகப் படியும், இந்தச் செடிக்கு ஆகாது. உடனே கேன்டீன் குழாயிலிருந்து காவேரித் தண்ணீரை இரண்டு பக்கெட்டாகச் சுமக்க ஆரம்பித்தார். நூற்று நாற்பது செடிக்கும் தினமும் சுமந்தார். இரும்புச் சத்துக்காக மருந்துக்கடையில் அன்னபேதி வாங்கி, தண்ணீரில் துளி கரைத்து இலையில் தெளித்தார். தெளித்த இலை இரண்டு நாள் பச்சை காட்டும், புதிதாக வருவது மறுபடி மஞ்சள். புத்தாண்டு பிறந்தது. எம்.டி. பூனா யூனிட்டுக்குப் போய்விட்டார், பிப்ரவரி பதினேழுதான் திரும்புவார். உத்தமனின் கன்னம் ஒட்டிப்போனது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்று செக்யூரிட்டி ரெமிஜியஸ் என்னிடம் சொன்னார்.

ஜனவரி ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. உத்தமன் ஒரு செடியின் பக்கத்தில் மண்வெட்டியால் கிளறிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். மேலே தூவியிருந்த எரு விலகியதும் கீழே கெட்டியாக ஒரு வெள்ளைப் பொருக்கு. அவர் அதை விரலால் பொடித்து, நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார்.

"சுண்ணாம்பும்மா" என்றார். "சோறு இருக்குது, தொண்டையை அடைச்சிட்டாங்க. இது மண்ணுல இருந்தா எதைப் போட்டாலும் இந்தச் செடியால எடுத்துக்க முடியாது."

எனக்கு உடனே நினைவு வந்தது. ஆயுத பூஜை! எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் கேட் தூண், ஓரக்கல், மரத்தடி எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பும் காவியும் அடித்தாக வேண்டும். அந்த வருஷம் எனக்கு இன்னும் வெளுப்பு வேண்டியிருந்தது, கூடுதலாகவே கரைக்கச் சொன்னேன். பூஜைக்கு முதல் நாள் உத்தமனைப் பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்கிவர கே.ஆர். மார்க்கெட்டுக்கு அனுப்பியிருந்தேன். வேலை முடிந்து இரண்டு டிரம் மிச்சம். எங்கே கொட்டுவது என்று வெள்ளையடித்த மேஸ்திரி கேட்டான். "அந்தச் செடி ஓரமா வரிசையா ஊத்திடுப்பா, பூச்சி அண்டாது" என்று சொன்னேன். ஊற்றியது வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று மேலே எருவையும் தூவ வைத்தேன். மரத்துக்கு அடிக்கிறோமே, செடிக்கும் நல்லதுதானே என்று என் அறிவுக்குப் பட்டது.

"மேஸ்திரி ஆளுங்க கொட்டிட்டாங்க போல" என்றார் உத்தமன், தலை நிமிராமல்.

"இருக்கும்" என்றேன்.

என் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான். எல்லாரையும் வாய் கிழியத் திட்டுகிற எனக்கு 'நான்தான்' என்று சொல்ல வரவில்லை. சாயங்காலம் கேட்டில் கையெழுத்துப் போடும்போது ரெமிஜியஸ் குரலைத் தாழ்த்தினார். கோலார் தங்கவயல்காரர், நேராகப் பேசுகிற மனிதர்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு நீங்க ஊத்தச் சொன்னப்போ நான் இங்கதான் நின்னேன். மத்தியானம் உத்தமன்கிட்ட சொல்லிட்டேன்."

"அப்போ அவனுக்குத் தெரியுமா? ஏன் என்கிட்ட கேக்கலை?"

"எப்படி மேடம் கேப்பான்? அவன் ஃபைல் உங்க டிராயர்லதானே கிடக்குது."

சனிக்கிழமை முழுக்க அந்த வாக்கியம் என்னை அரித்தது. எம்.டி.க்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று ரிசீவரை எடுப்பேன், வைத்துவிடுவேன். போன மாதம்தான் ஒரு ஸ்டோர்ஸ் ஆபீசரை இதைவிடச் சின்னத் தப்புக்கு அவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஞாயிறு காலை ரோஜாப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். உத்தமன் வரவில்லை. இத்தனை வருஷத்தில் சொல்லாமல் வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை கேட்டுக்குள் நுழைந்தால் வேலியைக் காணோம். முழங்கால் உயரத்துக்கு நூற்று நாற்பது குச்சிகள் நின்றன. சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் தொடங்கி ஞாயிறு முழுக்க உத்தமனும் சீதாலட்சுமியும் கிருத்திகாவும், டியூட்டி முடிந்த ரெமிஜியஸும், சுண்ணாம்பு மண்ணை அரை அடி ஆழத்துக்கு அள்ளி வெளியே போட்டிருந்தார்கள். ஷெட்டுக்குப் பின்னால் அஸ்திவாரம் தோண்டின செம்மண் கிடந்தது. அதோடு மக்கிய இலையும், புளிப்புக்குக் கொஞ்சம் கந்தகத் தூளும் கலந்து நிரப்பியிருந்தார்கள்.

"பைத்தியமாப்பா உனக்கு!" என்று கத்தினேன். "முப்பத்தேழு நாள்ல ஆளுங்க வர்றாங்க! அதுக்குள்ள பூக்குமா இது?"

"பூக்காதும்மா. ஏப்ரல் ஆவும்."

"அப்புறம் எதுக்கு வெட்டினே? மஞ்சளோ கிஞ்சளோ நாலு பூவாவது இருந்துதே!"

"வேரைத் தோண்டினா இம்மாம் இலையை அதால தாங்க முடியாதும்மா. விட்டிருந்தா பிப்ரவரியில மொத்தமும் காஞ்சு நிக்கும். பச்சையாவது காட்டணும். அதுக்கு மேல சாமி விட்ட வழி."

அன்றிலிருந்து நான் தினமும் எண்ணினேன். உள்ளே நுழைந்ததும் முதல் வேலை குச்சிகளைக் குனிந்து பார்ப்பது. பத்து நாள் ஒன்றுமில்லை. பீன்யா பனி முதுகெலும்பில் இறங்குகிற காலை நேரங்களில் உத்தமன் வேர்களைச் சருகால் மூடிக்கொண்டிருப்பார். பதினாறாம் நாள் ஏழெட்டுக் குச்சிகளில் கணுப் பக்கம் சின்னதாக முண்டு கட்டியது. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை, நானே பார்த்தேன். அதற்கப்புறமும் பாதிக் குச்சிகள் அப்படியே மரத்துப்போய் நின்றன. உத்தமன் ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை இருந்தால் மூச்சு விடுவார். பதினோரு குச்சியில் பச்சை இல்லை. அவற்றைப் பிடுங்கி ஓரமாக அடுக்கி வைத்தார்.

பிப்ரவரி பதினேழு மத்தியானம் எம்.டி.யின் கார் கேட்டில் நின்றது. வேலி முழுக்கத் துளிர். நுனியில் செம்பு நிறம், கீழே இளம்பச்சை, ஒரு மஞ்சள் இலை கிடையாது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. எம்.டி. கதவைத் திறந்து இறங்கினார்.

"பூ எங்க?"

வேலியைக் கேட்டிலிருந்து கோடி வரை பார்த்தார்.

"இதென்ன முழங்கால் உசரத்துக்கு? இடுப்பளவு சிவப்பு வேலியைத்தானே ஃபோட்டோ எடுத்து அனுப்பினோம்! யார் வெட்டினது?"

உத்தமன் முன்னால் வந்தார். "நான்தான் சார்."

"ஏன்?"

"இலை பழுத்துப்போச்சு சார்."

"எதனால?"

உத்தமன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். "தெரியலைங்க சார்."

"தோட்டக்காரருக்கே தெரியலையாம்! ரமா, மார்ச் வரைக்கும் எதுக்கு? நாளைக்கு விசிட் முடிஞ்சதும் இவரை நிறுத்திடுங்க. கான்ட்ராக்ட்காரனை உடனே வரச் சொல்லுங்க."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எத்தனை தடவை மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பேன். எம்.டி. காரின் கதவில் கை வைத்துவிட்டார். இன்னும் இரண்டு விநாடி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும், எனக்கு ஒரு குறையும் வராது. உத்தமன் மண்வெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். 

"சார், சுண்ணாம்பு ஊத்தச் சொன்னது நான்" என்றேன். என் குரலா அது, எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சத்தமாகச் சொன்னேன். ஆயுத பூஜை, இரண்டு டிரம், மேலே தூவின எரு, எல்லாம் கொட்டிவிட்டேன். "இவர் வெட்டலேன்னா இன்னிக்கு இங்க ஒரு செடி இருக்காது. இவருக்கு ஜனவரியிலேயே தெரியும். என்னைக் காட்டிக் கொடுக்கலை. ஏன்னா இவர் மனு என்கிட்ட இருக்கு. நான் மேல அனுப்பலை."

"எப்போ கொடுத்த மனு?"

"தொண்ணூத்தாறு மார்ச்."

"இப்ப எந்த வருஷம், ரமா?"

 அவர் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தார், அதற்குத் திட்டே தேவலை. "போய் எடுத்துட்டு வாங்க" என்றார். ஓடினேன். நாற்பத்து மூன்று வயதில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினேன், படியிறங்கி ஓடிவந்தேன். அவர் கார் பானெட்டின் மேல் ஃபைலை வைத்து, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "உங்க விஷயத்தை ஜெர்மன்காரங்க போனதும் பேசறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்புறம் எனக்கு மெமோ வந்தது, அது என் தலையெழுத்து. மறுநாள் வந்த ஜெர்மன்காரர்கள் மழை எப்போது வரும் என்று பேசிக்கொண்டே நேராக மெஷின் ஷாப்புக்குப் போய்விட்டார்கள், வேலிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் அன்று, பதினேழாம் தேதி சாயங்காலம், ஆர்டரை டைப் அடித்து, ஸ்டாம்ப் வைத்து, நானே கீழே கொண்டு போனேன். ஷிஃப்ட் விடுகிற நேரம். உத்தமன் வேலியோரம் குந்தியிருந்தார். காகிதத்தை வாங்கித் தன் பெயர் இருக்கிற இடத்தை விரலால் தொட்டார். பிறகு எழுந்து நின்றார்.

"இனிமே இதை யாராலயும் திருப்பி வாங்க முடியாதாம்மா?"

"முடியாது."

"எம்.டி.யால?"

"காரணமில்லாம முடியாது."

"உங்களால?"

"என்னாலயும் முடியாது, உத்தமன்."

அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பொத்தானைப் போட்டார். அப்புறம் என்னை நேருக்கு நேர் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் கண்ணை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"அப்ப கேக்கறேன். உங்களுக்கு அறிவு இருக்காம்மா?"

வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ரெமிஜியஸ் தன் அறையிலிருந்து தலையை நீட்டினார்.

"ரெண்டு டிரம்மு! ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா? பூச்சி வராதாம், பூச்சி! ஒரு மாசமா பனியைச் சந்தேகப்பட்டேன், தண்ணியைச் சந்தேகப்பட்டேன், என் கையே ராசியில்லாமப் போச்சோன்னு எம்பொண்டாட்டிகிட்ட அழுதேன். நீங்க மாடி ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்து மண்ணு கொத்தினேனே, காப்பி குடுக்கறப்போகூட அந்த ஃபைலு நெனப்பு வரலையா உங்களுக்கு? பதினோரு செடி செத்துப்போச்சும்மா! திரும்பக் குச்சி வெட்டி நட்டு இந்த உசரம் வர எத்தினி வருஷம் ஆவும், தெரியுமா உங்களுக்கு?"

திருப்பிக் கேட்க எனக்கு வாய் இல்லையா? இருந்தது.  ஆனாலும் நூறு பேர் பார்க்கக் கைகட்டி நின்றேன்.

உத்தமன் மூச்சு வாங்கினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு குனிந்து மண்வெட்டியை எடுத்தார்.

"நகருங்க" என்றார். "வேர் மேல நிக்கறீங்க."

நான் நகர்ந்து நின்றேன்.